ஒரு போட்டி ஆட்டத்தையும் அதன் தொடக்கத்தையும் எப்படிப் படிப்பது? 1972 ரெய்க்யவிக் ஆறாம் ஆட்டத்தை முன்வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: சதுரங்கத்தில் (செஸ்) தொடக்க ஆட்டத்தில் பதினைந்து நகர்வுகள் வரை மனப்பாடமாகத் தெரிந்திருந்தும், போட்டியில் எதிராளி பத்தாவது நகர்விலேயே வேறு பாதையில் திரும்பிவிட்டால் என்ன செய்வதென்று தெரியாமல் போகிறது, பெரிய வீரர்களின் ஆட்டங்களை எஞ்சினோடு (நிலைகளை எண்ணால் மதிப்பிட்டு நகர்வுகளைப் பரிந்துரைக்கும் கணினி நிரலோடு) பார்த்தாலும் மறுநாள் எதுவும் மனத்தில் நிற்பதில்லை, அப்படியானால் ஓர் ஆட்டத்தையும் அதன் தொடக்கத்தையும் முறையாகப் படிப்பது எப்படி?

தொடக்கத்தை ஒரு பாடமாகவும் ஆட்டத்தின் மீதியை இன்னொரு பாடமாகவும் பிரித்து வைத்துக்கொள்வதுதான் இந்தச் சிக்கலுக்கு முதற்காரணம் என்பது என் உறுதியான கருத்து. தொடக்க நகர்வுகள் ஒரு சிப்பாய் அமைப்பை உருவாக்குகின்றன. அந்த அமைப்புக்குள் எந்தக் காய்கள் மிஞ்சும், எவை வெட்டுப்படும் என்பதையும் அவையே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. எனவே பதினைந்தாவது நகர்வின் பொருள் இருபத்தைந்தாவது நகர்வில்தான் விளங்கும். ஆட்டத்தின் நடுப்பகுதியை முதலில் புரிந்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கித் தொடக்கத்துக்கு வருவதே சரியான வழி. இதை வெறும் அறிவுரையாகச் சொன்னால் பயனில்லை என்பதால், ஒரே ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு செய்து காட்டுகிறேன். பலகையும் காய்களும் அருகில் இருந்தால் நல்லது. திரையில் சுட்டியை அழுத்திக்கொண்டே போவதைவிட, காயைக் கையால் எடுத்து வைக்கும்போது ஒவ்வொரு நகர்விலும் ஒரு கணம் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த நிறுத்தம் படிப்புக்கு உதவுகிறது.

நான் தேர்ந்தெடுப்பது 1972ஆம் ஆண்டு ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டம். வெள்ளை, சவால் விட்ட அமெரிக்கர் பாபி ஃபிஷர்; கறுப்பு, அப்போதைய உலக சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கி. முதல் ஆட்டத்தில் தோற்று, இரண்டாவது ஆட்டத்துக்கு வராமலேயே புள்ளியை இழந்த ஃபிஷர், அடுத்த மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்று சமநிலைக்கு வந்திருந்தார். ஆறாவது ஆட்டத்தின் வெற்றிதான் அவரை முதன்முறையாக முன்னிலைக்குக் கொண்டுவந்தது. ஆட்டம் முடிந்தபோது அரங்கத்தினரோடு சேர்ந்து ஸ்பாஸ்கியும் கைதட்டினார் என்பது பலரும் பதிவு செய்திருக்கும் செய்தி. ஆனால் இந்த ஆட்டத்தை நான் தேர்ந்தெடுப்பதற்கு அதன் புகழ் காரணமல்ல. தொடக்கத்தில் எழுந்த ஒரு கேள்விக்கான விடை ஆட்டத்தின் கடைசி நகர்வு வரை அறுபடாமல் நீள்வதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஆட்டங்கள் அதிகம் இல்லை.

தொடக்கம் இப்படி அமைந்தது (கட்டத்தின் பெயர், ஏ முதல் எச் வரையான நெடுவரிசை எழுத்தும் 1 முதல் 8 வரையான குறுக்குவரிசை எண்ணும் சேர்ந்தது; ஒவ்வொரு நகர்வு எண்ணிலும் முதலில் வெள்ளை, அடுத்து கறுப்பு; காயின் பெயர் இல்லையென்றால் சிப்பாய்; எண்ணுக்குப் பின் மூன்று புள்ளிகள் இருந்தால் கறுப்பின் நகர்வு): 1. சி4 இ6 2. குதிரை எஃப்3 டி5 3. டி4 குதிரை எஃப்6 4. குதிரை சி3 பிஷப் இ7 5. பிஷப் ஜி5, கறுப்பு கோட்டை கட்டுகிறது (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறும் கேஸ்லிங்) 6. இ3 எச்6 7. பிஷப் எச்4 பி6.

இங்கே முதற்பாடம் உடனே கிடைக்கிறது. முதல் நகர்வு சி4 என்பதால் இது இங்கிலிஷ் தொடக்கம் என்று பெயரிட்டு நகர்ந்துவிட்டால், படிப்பு அங்கேயே தவறிவிடும். மூன்றாவது நகர்வில் ஆட்டம், வெள்ளை சி4இல் முன்வைக்கும் சிப்பாயைக் கறுப்பு வெட்ட மறுக்கும் தொடக்கமான குயின்ஸ் கேம்பிட் டிக்லைன்ட் ஆகிவிட்டது. ஏழாவது நகர்வில் அதன் டார்டகோவர் முறைக்குள் நுழைந்துவிட்டது. வேறு வேறு வரிசைகளில் வந்து ஒரே நிலையை அடையலாம் என்பதால், நகர்வுகளின் பட்டியலை மனப்பாடம் செய்பவர் பழக்கமான நிலையிலேயே நின்றுகொண்டிருந்தும் அதை அடையாளம் காணாமல் போகக்கூடும். ஃபிஷர் தம் வாழ்நாள் முழுவதும் பெரும்பாலும் இ4 என்றே ஆட்டத்தைத் தொடங்கியவர். அவர் சி4 ஆடியதும் ஸ்பாஸ்கியின் தயாரிப்பின் பெரும்பகுதி அன்றைக்குப் பயனற்றுப் போயிருக்க வேண்டும். ஆனாலும் ஸ்பாஸ்கி தமக்கு நன்கு பழக்கமான இடத்துக்கே ஆட்டத்தைக் கொண்டுசென்றார். இந்த முறைக்கு டார்டகோவரோடு சேர்த்து மகோகோனோவ், பொண்டரெவ்ஸ்கி ஆகியோரின் பெயர்களும் வழங்குகின்றன. இவர்களில் பொண்டரெவ்ஸ்கி 1960களில் ஸ்பாஸ்கியின் பயிற்சியாளராக இருந்தவர்.

இனி ஏழாவது நகர்வான பி6 எந்தக் கேள்விக்கு விடை என்று பாருங்கள். குயின்ஸ் கேம்பிட் டிக்லைன்டில் கறுப்பு இ6 ஆடிய கணத்திலேயே சி8 கட்டத்தில் இருக்கும் பிஷப்பின் வழி அடைபட்டுவிடுகிறது. மையத்தைப் பலப்படுத்தியதற்குக் கறுப்பு கொடுத்த விலை அது. அந்த பிஷப்பை எப்படி வெளியே கொண்டுவருவது என்பதுதான் இந்தத் தொடக்கத்தின் ஒவ்வொரு கிளையும் தன் வழியில் விடை தேடும் கேள்வி. டார்டகோவர் முறை பி7 கட்டம் வழியாக நீண்ட மூலைக்கோட்டைப் பிடிக்கப் பார்க்கிறது. வெள்ளையின் எட்டாவது நகர்வு இந்தத் திட்டத்துக்கு நேரடியான மறுமொழி: 8. சிப்பாய் டி5இல் வெட்டு, குதிரை டி5இல் வெட்டு 9. பிஷப் இ7இல் வெட்டு, ராணி இ7இல் வெட்டு 10. குதிரை டி5இல் வெட்டு, இ சிப்பாய் டி5இல் வெட்டு.

இந்த மூன்று நகர்வுகளில் வெளிப்பார்வைக்கு எதுவும் நடக்கவில்லை. காய்கள் சமமாக வெட்டுப்பட்டன, அவ்வளவுதான் என்று எஞ்சினின் எண் சொல்லும். ஆனால் நிலையின் தன்மை முழுவதுமாக மாறிவிட்டது. டி5இல் கறுப்பின் சொந்தச் சிப்பாய் நிலையாக உட்கார்ந்துவிட்டதால், பி7இலிருந்து பார்க்கவிருந்த மூலைக்கோடு இப்போது அந்தச் சிப்பாயில் முட்டி நிற்கும். எனவே 11. யானை சி1 என்ற நகர்வுக்குப் பிறகு ஸ்பாஸ்கி பிஷப்பை பி7க்குக் கொண்டுபோகாமல் இ6இல் வைத்தார். பி6 என்ற நகர்வின் மூல நோக்கத்தையே கைவிட்டு, பிஷப்பை டி5 சிப்பாய்க்குக் காவலாக நிறுத்தினார். தொடக்கத்தை மனப்பாடம் செய்தவருக்கு 11...பிஷப் இ6 ஒரு வரியின் அடுத்த சொல் மட்டுமே. மேலே சொன்ன கேள்வியைப் பின்தொடர்ந்து வந்தவருக்கோ அந்த நகர்வு தானாகவே தோன்றும். எதிராளி 11ஆவது நகர்வில் வேறு ஏதாவது ஆடினாலும் என்ன யோசிக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

பத்தாவது நகர்வுக்குப் பிறகான நிலையில் சற்று நேரம் செலவிடுங்கள். இரு பக்கத்திலும் ராணி, இரண்டு யானைகள், வெள்ளைக் கட்டங்களில் செல்லும் ஒரு பிஷப், ஒரு குதிரை. சி வரிசை பாதி திறந்திருக்கிறது. அதில் வெள்ளையின் யானை வந்து நின்றால் சி7 சிப்பாய் பின்தங்கிய இலக்காகிவிடும். அதைத் தவிர்க்கக் கறுப்பு என்றாவது ஒருநாள் சி5 ஆடியே தீர வேண்டும். ஆடினால், வெள்ளை டி சிப்பாயால் சி5இல் வெட்ட, கறுப்பு பி சிப்பாயால் திருப்பி வெட்ட, சி5இலும் டி5இலும் இரண்டு சிப்பாய்கள் அருகருகே நிற்கும். அவற்றுக்கு இருபுறமும் துணைச் சிப்பாய்கள் இருக்கமாட்டா. செஸ் வட்டாரத்தில் தொங்கும் சிப்பாய்கள் என்று சொல்வது இந்த இணையைத்தான். இந்தத் தொடக்கத்தின் நடு ஆட்டம் முழுவதும் இந்த இரண்டு சிப்பாய்களைச் சுற்றியே நடக்கும். அவை மையத்தின் முக்கியக் கட்டங்களைக் காத்து, காய்களுக்கு இடம் தந்து, தக்க நேரத்தில் முன்னேறினால் கறுப்புக்கு வலிமை. முன்னேற முடியாமல் நிறுத்தி வைக்கப்பட்டால், அவற்றைக் காப்பதற்கே காய்கள் எல்லாம் செலவாகிவிடும்.

ஆட்டத்துக்குத் திரும்புவோம். 12. ராணி ஏ4 சி5 13. ராணி ஏ3 யானை சி8. ஏ3இல் இருக்கும் ராணி, சி5 சிப்பாயை இ7இல் உள்ள ராணியோடு ஒரே மூலைக்கோட்டில் கட்டிப்போட்டிருக்கிறது. இ7 ராணிக்குக் காவல் இல்லாததால் சி5 சிப்பாய் நகர்ந்தால் ராணி போய்விடும். தொங்கும் சிப்பாய்கள் உருவாவதற்கு முன்பே அவற்றில் ஒன்றை அசையவிடாமல் செய்துவிட்டார் என்பதே இதன் பொருள். அடுத்தது 14. பிஷப் பி5. பி8 குதிரை இயல்பாகச் செல்ல வேண்டிய டி7 கட்டத்தை இந்த பிஷப் கண்காணிக்கிறது. 14...ஏ6 ஆடினாலும் பிஷப்பை உடனே வெட்ட முடியாது; ஏ சிப்பாய் விலகினால் ஏ8 யானை ராணிக்கு இரையாகும். 15. டி சிப்பாய் சி5இல் வெட்டு, பி சிப்பாய் சி5இல் வெட்டு 16. வெள்ளை கோட்டை கட்டுகிறது, யானை ஏ7 17. பிஷப் இ2 குதிரை டி7 18. குதிரை டி4.

படிப்பவர் கட்டாயம் நிற்க வேண்டிய முதல் இடம் இது. பதினேழாவது நகர்வு முடிந்ததும் அடுத்த நகர்வை மறைத்து வைத்துவிட்டு, வெள்ளைக்காக நீங்களே ஒரு நகர்வைத் தேர்ந்தெடுத்துக் காரணத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. ஒரு முழு ஆட்டத்துக்கும் இப்படிச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. சிப்பாய் அமைப்பு மாறும் இடங்கள், காய் வெட்டுப்படும் இடங்கள், யாருடைய திட்டம் முடிந்து அடுத்தது தொடங்குகிறதோ அந்த இடங்கள் என ஓர் ஆட்டத்தில் நான்கைந்து போதும். எழுதுவது முக்கியம். எழுதாமல் விட்டால், உண்மையான நகர்வைப் பார்த்த உடனே "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று மனம் சொல்லிவிடும். அதன் பிறகு கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது.

குதிரை டி4க்கு வந்தது எப்படிச் சாத்தியமாயிற்று? சி5 சிப்பாய் இன்னும் கட்டுண்டு கிடப்பதால் அதனால் குதிரையை வெட்ட முடியாது. ஸ்பாஸ்கி 18...ராணி எஃப்8 ஆடிக் கட்டை அவிழ்த்தார். எஃப்8இல் ராணிக்குக் காவல் இருப்பதால் இப்போது குதிரை உண்மையிலேயே வெட்டுப்படும் நிலையில் இருக்கிறது. ஃபிஷர் 19. குதிரை இ6இல் வெட்டு என்று ஆடினார். கறுப்பு எஃப் சிப்பாயால் திருப்பி வெட்டியது.

பல மாணவர்கள் இந்த நகர்வை விரும்புவதில்லை. மையத்தில் அழகாக நின்ற குதிரையை, தன் சொந்தச் சிப்பாயின் பின்னால் அடைபட்டிருந்த பிஷப்புக்காக ஏன் கொடுக்க வேண்டும்? அந்த பிஷப்தான் டி5 சிப்பாயின் காவல் என்பதும், கறுப்பின் வெள்ளைக் கட்டங்களை அது ஒன்றே பாதுகாத்தது என்பதும் விடை. பிஷப் போனதும் வெள்ளையின் பிஷப்புக்குப் பலகையில் எதிரியே இல்லை. முந்தைய ஆண்டு புவெனஸ் அயர்ஸில் முன்னாள் உலக சாம்பியன் பெட்ரோசியானுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்திலும் ஃபிஷர் இதே போன்ற முடிவை எடுத்தார். சி5 கட்டத்தில் மிக வலுவாக நின்ற குதிரையை டி7இல் செயலற்று இருந்த பிஷப்புக்காகக் கொடுத்தார். அந்த ஆட்டத்தின் தொடக்கம் சிசிலியன் என்ற வேறொரு தற்காப்பு. இதற்கும் அதற்கும் பெயரளவில் எந்தத் தொடர்பும் இல்லை. எந்தக் காய் போகிறது என்பதைவிடப் பலகையில் எது மிஞ்சுகிறது என்று பார்க்கும் பழக்கத்தை இந்த இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் ஒரே மாலையில் பெறலாம்.

20. இ4 என்பது அடுத்த நிறுத்தம். தொங்கும் சிப்பாய்களைத் தூரத்திலிருந்து தாக்கிக்கொண்டே இருக்கலாம். அல்லது இப்படி ஒரு சிப்பாயைக் கொண்டு மோதி, அவற்றை ஒரு முடிவுக்குக் கட்டாயப்படுத்தலாம். கறுப்பு இ4இல் வெட்டினால், ஏ6, சி5, இ6, இ4 என நான்கு சிப்பாய்களும் பக்கத்தில் துணைச் சிப்பாய் இன்றிச் சிதறும். ஸ்பாஸ்கி 20...டி4 ஆடினார். அந்தச் சிப்பாய்க்கு இப்போது காவல் இருக்கிறது, எதிரே தடுக்கும் சிப்பாயும் இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் குறை சொல்ல எதுவும் தெரியாது. ஆனால் இந்த நகர்வையே ஆட்டத்தின் திருப்பமாக ஆய்வாளர்கள் பெரும்பாலும் குறிப்பிடுகிறார்கள், அதற்கான காரணத்தை நீங்களே பலகையில் காணலாம். டி சிப்பாய் டி5ஐ விட்டு நகர்ந்த கணத்தில் சி4 கட்டம் வெள்ளை பிஷப்புக்குச் சொந்தமாகிறது. அங்கிருந்து இ6 சிப்பாயும் அதற்கப்பால் ராஜா இருக்கும் ஜி8 கட்டமும் ஒரே கோட்டில் தெரிகின்றன. வெள்ளையின் இ, எஃப் சிப்பாய்கள் எந்த மோதலும் இன்றி முன்னேறலாம். 20...சி4, 20...குதிரை எஃப்6 ஆகிய மாற்று வழிகளை எஞ்சின் இல்லாமல் ஒருமுறை ஆராய்ந்து எழுதுங்கள். டி4 எதை விட்டுக்கொடுத்தது என்பது அந்த முயற்சியில்தான் உண்மையாக விளங்கும்.

அடுத்த பகுதி வேகமாகச் செல்கிறது: 21. எஃப்4 ராணி இ7 22. இ5 யானை பி8 23. பிஷப் சி4 ராஜா எச்8 24. ராணி எச்3 குதிரை எஃப்8 25. பி3 ஏ5 26. எஃப்5 இ சிப்பாய் எஃப்5இல் வெட்டு 27. யானை எஃப்5இல் வெட்டு, குதிரை எச்7 28. சி1 யானை எஃப்1 ராணி டி8 29. ராணி ஜி3 யானை இ7 30. எச்4 பி8 யானை பி7 31. இ6 பி7 யானை சி7 32. ராணி இ5. இதில் 25. பி3 என்ற நகர்வைக் கவனியுங்கள். ராஜாவைத் தாக்கும் அவசரத்திலும், பி வரிசையில் கறுப்புக்கு இருந்த ஒரே எதிர்ப்பை ஒரு சின்னச் சிப்பாய் நகர்வால் ஃபிஷர் மூடிவிட்டார். 30. எச்4 குதிரைக்கு ஜி5 கட்டத்தை மறுக்கிறது. பிறகு 33இலிருந்து 36 வரை, 33. ஏ4, 34. எஃப்1 யானை எஃப்2, 35. எஃப்2 யானை எஃப்3, 36. பிஷப் டி3 என்று அவசரமே இல்லாத நகர்வுகள். மறுபுறம் ஸ்பாஸ்கியின் ராணி டி8க்கும் இ8க்கும் இடையே போய்வருவதைத் தவிர வேறு வழியற்று நிற்கிறது. எதிராளியால் எதுவும் செய்ய முடியாதபோது, காய்களை மிகச் சிறந்த கட்டங்களுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

37. ராணி இ4 வந்தபோது, யானையை எஃப்8இல் செலுத்தி அங்கே காவல்களை இழுத்து வெட்டவைத்து எச்7இல் ராணியால் முடிக்கும் அச்சுறுத்தல் எழுந்தது. 37...குதிரை எஃப்6 அதைத் தடுக்கும் முயற்சி. 38. யானை எஃப்6இல் வெட்டு, ஜி சிப்பாய் எஃப்6இல் வெட்டு 39. யானை எஃப்6இல் வெட்டு, ராஜா ஜி8 40. பிஷப் சி4 ராஜா எச்8 41. ராணி எஃப்4. ஸ்பாஸ்கி தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஆட்டத்தை ஒருமுறை இப்படி முன்னோக்கிப் பார்த்த பிறகு, பின்னோக்கிப் பாருங்கள். 38ஆவது நகர்வின் பலி எதனால் சாத்தியமானது? வெள்ளைக் கட்டங்களைக் காக்கக் கறுப்பிடம் பிஷப் இல்லாததால். பிஷப் ஏன் இல்லை? பத்தொன்பதாவது நகர்வில் அது வெட்டுப்பட்டது. அது ஏன் இ6இல் இருந்தது? டி5 சிப்பாய் நிலையாகிவிட்டதால் பி7 பயனற்றதாயிற்று. டி5 ஏன் நிலையானது? எட்டாவது நகர்வில் வெள்ளை வெட்டியதால். அந்த பிஷப்பின் சிக்கல் எங்கே தொடங்கியது? கறுப்பின் முதல் நகர்வான இ6இல். ஸ்பாஸ்கி முதல் நகர்விலேயே தோற்றுவிட்டார் என்று இதற்குப் பொருள் இல்லை. குயின்ஸ் கேம்பிட் டிக்லைன்ட் மிக உறுதியான தற்காப்பு, டார்டகோவர் முறையோ 1980களில் கார்போவும் காஸ்பரோவும் தம் உலக சாம்பியன் போட்டிகளில் திரும்பத் திரும்ப ஆடிய முறை. ஆனால் தொடக்கத்தில் எடுத்த ஒவ்வொரு கடனும் நடு ஆட்டத்தில் எந்த இடத்தில் திருப்பிக் கேட்கப்படுகிறது என்பதை இந்தப் பின்னோக்கிய வாசிப்பு காட்டிக்கொடுக்கிறது. மனப்பாடம் செய்த வரிசை மறந்துபோகலாம்; இந்தக் காரணத் தொடர் மறப்பதில்லை.

இந்த வேலை முடிந்த பிறகே எஞ்சினைத் திறக்க வேண்டும். எஞ்சின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் இன்று தீவிரமாகப் படிக்க முடியாது. ஆனால் அது, நீங்கள் எழுப்பாத கேள்விக்கும் விடை சொல்லிக்கொண்டே இருக்கும் கருவி. நீங்கள் எழுதி வைத்த நகர்வுகளை ஒவ்வொன்றாகப் பலகையில் வைத்து, எஞ்சின் அதற்கு என்ன பதில் தருகிறது என்று பாருங்கள். உங்கள் நகர்வுக்கு எண் குறைகிறதென்றால், குறைவதைக் குறித்துக்கொண்டு போய்விடாமல், எதிராளியின் எந்த நகர்வால் குறைகிறது, அந்த நகர்வு ஏன் உங்கள் கண்ணில் படவில்லை என்று கண்டுபிடியுங்கள். எஞ்சின் பரிந்துரைக்கும் முதல் வழியை மட்டும் காட்டாமல் மூன்று வழிகளைக் காட்டுமாறு அமைத்துக்கொள்வது நல்லது. மூன்றுக்கும் எண்கள் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், அங்கே தேர்வு உங்கள் ரசனையையும் புரிதலையும் பொறுத்தது, மனப்பாடம் தேவையில்லை. ஒன்று மட்டும் நன்றாக இருந்து மற்றவை சரிந்தால், அந்த இடத்தைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். தொடக்கத்தில் எதை மனப்பாடம் செய்வது, எதைச் செய்ய வேண்டியதில்லை என்பதைப் பிரித்தறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அடுத்ததாக, பதிவான ஆட்டங்களின் தரவுத்தளத்தில் இந்த ஆட்டத்தின் முன்னோர்களையும் வாரிசுகளையும் தேடுங்கள். வெற்றி விழுக்காட்டை மட்டும் பார்த்து ஒரு நகர்வை ஏற்பதும் தள்ளுவதும் பெரும் தவறு. விழுக்காட்டுக்குள் பலவீனமான ஆட்டக்காரர்களும் விரைவு ஆட்டங்களும் காலாவதியான வழிகளும் கலந்திருக்கும். ஆட்டங்களையே பார்க்க வேண்டும். 14. பிஷப் பி5 என்ற நகர்வு ஃபிஷர் அன்று கண்டுபிடித்ததல்ல. 1970இல் ரீகாவில் நடந்த சோவியத் சாம்பியன் போட்டியில் செம்யோன் ஃபுர்மான் இதை எஃபிம் கெல்லருக்கு எதிராக ஆடியிருக்கிறார். அதே கெல்லர் 1972இல் ஸ்பாஸ்கியின் குழுவில் இருந்தார். 1973இல் ஹில்வர்சமில் யான் டிம்மன் இதே நிலையை அடைந்து இதே பிஷப் பி5 ஆடியபோது, கறுப்புப் பக்கத்தில் இருந்த கெல்லர் 14...ராணி பி7 என்று பதிலளித்து அந்த ஆட்டத்தை வென்றார்.

ராணி பி7 என்ன செய்கிறது? இ7ஐ விட்டு விலகியதால் சி5 சிப்பாயின் கட்டு அவிழ்ந்தது. பி வரிசை திறந்தால் அந்த ராணி பி5 பிஷப்பையும் பி2 சிப்பாயையும் நேராகப் பார்க்கும். டிம்மன் சிப்பாயை எடுத்தார்: 15. டி சிப்பாய் சி5இல் வெட்டு, பி சிப்பாய் சி5இல் வெட்டு 16. யானை சி5இல் வெட்டு, யானை சி5இல் வெட்டு 17. ராணி சி5இல் வெட்டு. அதற்குக் கெல்லர் 17...குதிரை ஏ6 ஆட, 18. பிஷப் ஏ6இல் வெட்டு, ராணி ஏ6இல் வெட்டு. இப்போது ஏ6 ராணி எஃப்1 கட்டத்தைக் காவல் காப்பதால் வெள்ளை ராஜா கோட்டை கட்ட முடியாது. ஒரு சிப்பாய் அதிகமிருந்தும் ராஜா நடுவில் மாட்டிக்கொண்டது. ஃபிஷரின் ஆட்டத்தில் வெள்ளைக்கு அவ்வளவு வசதியாக அமைந்த ஏ3–இ7 மூலைக்கோடு, ராணி ஒரே ஒரு நகர்வில் விலகியதால் பொருளற்றுப் போயிற்று என்பதைக் காணும்போது, அந்தக் கோடு அந்த ஆட்டத்தில் எவ்வளவு வேலை செய்தது என்பதும் சேர்ந்தே புரிகிறது.

ஆனால் நான் மிகவும் மதிக்கும் முன்னோடி வேறோர் ஆட்டம். 1962இல் ஸ்டாக்ஹோமில் நடந்த இன்டர்ஜோனல் என்ற உலக சாம்பியன் தகுதிச் சுற்றுப் போட்டியில் மாரியோ பெர்டோக் வெள்ளையாகவும் ஃபிஷர் கறுப்பாகவும் ஆடினார்கள். பத்தாவது நகர்வு முடிந்தபோது பலகையில் இருந்த நிலை, ரெய்க்யவிக் ஆட்டத்தில் பத்தாவது நகர்வு முடிந்தபோது இருந்த நிலையேதான். பெர்டோக் 11. பிஷப் இ2 ஆடினார். ஃபிஷரின் பிஷப் இ6க்கு வந்தது, 12ஆவது நகர்வில் சி5, அடுத்த நகர்வில் தொங்கும் சிப்பாய்கள் உருவாயின. 14. ராணி ஏ4க்கு ஃபிஷர் ஆடிய பதில் 14...ராணி பி7. பின்னர் சி சிப்பாயை சி4க்குத் தள்ளி, எஃப்8 யானையை பி8க்குக் கொண்டுவந்து பி வரிசையில் அழுத்தி வென்றார். அதாவது ஃபிஷர் குயின்ஸ் கேம்பிட்டை வெள்ளையாக ஆடிப் பழகாதவராக இருக்கலாம்; ஆனால் அந்தச் சிப்பாய் அமைப்பைப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே மறுபக்கத்தில் உட்கார்ந்து அனுபவித்தவர். கறுப்புக்கு எது நல்லது என்று அறிந்திருந்ததால்தான் எதைக் கறுப்புக்குக் கிடைக்கவிடக் கூடாது என்று தெரிந்திருந்தது என நான் கருதுகிறேன். ஒரு தொடக்கத்தை இரு பக்கத்திலிருந்தும் படிக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

இந்த இரண்டு ஆட்டங்களையும் அருகருகே வைத்து ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ஸ்டாக்ஹோமில் சி சிப்பாய் முன்னேறியது நன்மையாகவும், ரெய்க்யவிக்கில் டி சிப்பாய் முன்னேறியது தீமையாகவும் முடிந்தது ஏன்? முதல் ஆட்டத்தில் இ6 பிஷப் உயிரோடு இருந்து டி5ஐக் காத்தது. சி4 ஆடியபோது விட்டுக்கொடுத்த டி4 கட்டத்தைவிட பி வரிசையில் கிடைத்த அழுத்தம் பெரிதாக இருந்தது. இரண்டாவது ஆட்டத்தில் அந்த பிஷப் ஏற்கெனவே போயிருந்தது; டி சிப்பாய் நகர்ந்ததால் திறந்த கட்டங்கள் அனைத்தும் எதிராளியின் பிஷப் செல்லும் நிறத்திலேயே இருந்தன. தொங்கும் சிப்பாய்கள் நல்லவையா கெட்டவையா என்ற கேள்விக்கே இடமில்லை; எந்தக் காய்கள் இன்னும் பலகையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தே விடை.

உங்கள் சொந்தப் போட்டி ஆட்டங்களையும் இதே முறையில் படிக்க வேண்டும், ஒரு வேறுபாட்டுடன். ஆட்டம் முடிந்த அன்றே, எஞ்சினைத் தொடுவதற்கு முன், ஒவ்வொரு முக்கிய நகர்விலும் என்ன நினைத்தீர்கள், எதைக் கண்டு அஞ்சினீர்கள், எவ்வளவு நேரம் செலவிட்டீர்கள் என்று குறித்துவிடுங்கள். இரண்டு நாள் கழிந்தால் நினைவு அந்த எண்ணங்களை மாற்றிவிடும். முன்னாள் உலக சாம்பியன் மிகைல் போட்வின்னிக் தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து, பிறர் குறை காணும்படி அந்த ஆய்வை அச்சிடுவதைப் பயிற்சியின் இன்றியமையாத பகுதியாகக் கருதினார். அச்சிட வேண்டியதில்லை, உங்களைவிடச் சற்று வலிமையான ஒருவரிடம் காட்டினாலும் அதே பலன் கிடைக்கும். தொடக்கத்தைப் பொறுத்தவரை அந்தக் குறிப்பில் கேட்க வேண்டியது, "எந்த நகர்வில் நான் நூல்வழியை (தொடக்க நூல்களில் உள்ள வரிசையை) விட்டு விலகினேன்" என்பதைவிட, "எந்த நகர்வில் நான் முதன்முதலாக உண்மையில் யோசிக்கத் தொடங்கினேன், அப்போது எனக்கு நிலை புரிந்ததா" என்பதுதான். அந்த இடத்துக்குச் சற்று முன்பிருந்தே உங்கள் அடுத்த படிப்பைத் தொடங்க வேண்டும்.

எத்தனை ஆட்டங்கள் படிக்க வேண்டும் என்று கேட்டால், நீங்கள் ஆடும் ஒவ்வொரு தொடக்கத்துக்கும் ஐந்தாறு மாதிரி ஆட்டங்களை இந்த ஆழத்தில் படித்தவர், அதே தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான வரிசைகளை மேலோட்டமாகப் பார்த்தவரைவிட நன்றாக ஆடுவார் என்று உறுதியாகச் சொல்வேன். அந்த ஐந்தாறில் பாதியாவது உங்கள் பக்கம் தோற்ற ஆட்டங்களாக இருக்கட்டும். டார்டகோவர் முறையைக் கறுப்பாக ஆட நினைப்பவர், மேலே சொன்ன மூன்று ஆட்டங்களிலிருந்தே தொடங்கலாம். படித்து முடித்ததும், ரெய்க்யவிக் ஆட்டத்தில் பதினேழாவது நகர்வு முடிந்த நிலையைப் பலகையில் வைத்து, உங்கள் அளவுக்கு ஆடும் நண்பர் ஒருவரோடு அங்கிருந்து நான்கு ஆட்டங்கள் ஆடுங்கள். இரண்டில் வெள்ளையாக, இரண்டில் கறுப்பாக. கறுப்பாக ஆடும்போது 18...ராணி எஃப்8 ஆட வேண்டாம். வேறு வழியை நீங்களே தேடுங்கள்.